என் தலைக்கு வைத்த உலை

அந்த வீட்டை வாங்குவதில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் முடிவு செய்வது என் மனைவி மார்லிஸின் இலாகா. என்னுடையது ஆமோதிக்கும் இலாகா. கல்யாணமான இத்தனை வருடத்தில் நானாக எடுத்த முடிவு ஒன்றே ஒன்றுதான். மீசை வைப்பது. மார்லிஸ் பார்த்தாள். "எப்ப எடுக்கப் போறே?" என்றாள். சாயங்காலம் எடுத்தேன்.

என் பெயர் டெல்பர்ட் ஹாவ்லிக். ஊர் அயோவாவில் ஒட்டம்வா. ஊர்ப் பெயரிலேயே என் ஜாதகம் இருக்கிறது. நான் ஓட்டம் எடுப்பேன், மார்லிஸ் "வா" என்பாள், வந்துவிடுவேன். பெயின்ட் கடையில் வேலை. முத்து வெள்ளை எது, முட்டை வெள்ளை எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வீட்டில் அந்தப் புலமைக்கு மரியாதை கிடையாது.

நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டை அதன் சொந்தக்காரர் தன் மகனுக்குக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். பனி விழுவதற்குள் காலி செய்ய வேண்டும்.

"இனிமே வாடகையே வேண்டாம். சொந்தமா வாங்கறோம்," என்றாள் மார்லிஸ்.

ஆமோதித்தேன். ஆற்றங்கரையில் ஒரு சின்ன வீடு எனக்கு ஏற்கெனவே கண்ணில் பட்டிருந்தது. வாசலில் இருந்து நடந்தே போய்த் தூண்டில் போடலாம். ஆனால் மார்லிஸின் கண்ணில் பட்டது ஹிக்கரி தெரு வீடு.

அந்த வீட்டில் குறையே சொல்ல முடியாது. ஓக் மரத் தரை. முன்னால் மேப்பிள் மரம். சமையலறையில் காலை வெயில். பக்கத்து வீட்டில் வெர்னா.

வெர்னா, மார்லிஸின் அக்கா. பள்ளிக்கூடச் சமையலறையைப் பல வருடம் ஆண்டவள். ஒரு முறைப்பில் முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவாள். ஓய்வு பெற்றதும் நிறுத்துவதற்கு ஆள் இல்லை. நான் கிடைத்தேன். நாங்கள் ஊரின் இந்தக் கோடியிலும் அவள் அந்தக் கோடியிலும் இருக்கும்போதே வாரத்தில் பாதி நாள் வந்துவிடுவாள். கதவைத் தட்டும் வழக்கம் கிடையாது. நேராக வந்து அடுப்பைத் திறந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் உப்பு போடணும்" என்பாள். அதற்கப்புறம்தான் "ஹலோ". அவள் கணவர் ராய் காலமாகிவிட்டார். இதயம் என்றார்கள் டாக்டர்கள். காதாகத்தான் இருக்கும் என்பது என் தாழ்மையான கருத்து.

"அக்கா பக்கத்துலயே இருந்தா எவ்வளவு நல்லது!" என்றாள் மார்லிஸ்.

"யாருக்கு?"

மார்லிஸ் திரும்பினாள்.

"எல்லாருக்குமேன்னு சொல்ல வந்தேன்," என்றேன்.

உண்மைக் காரணத்தைச் சொல்ல முடியாது. ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்த வாரம் மூன்று வேளையும் பாலில் சோளப்பொரி ஊறவைத்துச் சாப்பிட்டேன். ஆகவே வேறு காரணம் தேவைப்பட்டது. அந்தக் காரணம் ஹிக்கரி தெரு வீட்டின் நிலவறையில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

வீட்டை விற்பவர் லோரன்ஸ் பீட்டர்ஸ்மையர். எண்பதைத் தாண்டியவர். அரிசோனாவில் மகளோடு இருக்கப் போகிறார். அவர்தான் எங்களைக் கைத்தடியோடு கீழே கூட்டிப்போனார்.

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் உலை என்றால் ஏதோ பெட்டி மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இது ராட்சசன். வயிறு ஒரு மாட்டுக் கொட்டகை அளவு. தலையில் இருந்து தகரக் கைகள் எட்டுப் பக்கமும் கூரைக்குள் நீண்டு, வீட்டையே தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. ஆரம்பத்தில் நிலக்கரியில் எரிந்ததாம். அப்புறம் கேஸுக்கு மாற்றினார்களாம். கட்சி மாறியும் குணம் மாறவில்லை. இருட்டில் உர்ரென்று என்னையே பார்த்தது.

"எங்கப்பா வெச்சது," என்றார் கிழவர், அதன் வயிற்றைத் தட்டிக்கொடுத்து. "எனக்குப் பல்லு போச்சு, முடி போச்சு, ஒரு முட்டி போச்சு. இவன் அப்படியே இருக்கான். ஒரு பனிக்காலம்கூட என்னைக் கைவிட்டதில்ல."

கொல்லையில் ஏசி. துருப்பிடித்த பெட்டி. மூடி பறந்துவிடாமல் இருக்க மேலே ஒரு செங்கல். கிழவர் பொத்தானை அழுத்தினார். பெட்டி இருமியது. குலுங்கியது. உள்ளே இருந்து ஒரு குருவி கோபமாக வெளியே பறந்தது. எங்கள் வீட்டில் ஏசி என்றால் மார்லிஸ் என்னை ஏசுவதுதான். இந்த ஏசி தெருவையே ஏசியது. வீட்டுக்குள்ளே வந்த காற்று மட்டும் வெளியே இருந்ததைவிடச் சூடாக இருந்தது.

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. காரில் ஏறியதும் ஆரம்பித்தேன்.

"மார்லிஸ், அந்த உலை பழசு."

"பார்த்தேன்."

"ஏசியும் பழசு. ஓடறதே இல்ல."

"பார்த்தேன்."

"இப்படி ஓடாத பழசையெல்லாம் யாராவது வீட்டுல வெச்சிக்குவாங்களா?"

மார்லிஸ் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள்.

"வெச்சிக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றாள்.

நான் காரைக் கிளப்பினேன்.

ஆனால் நம்பிக்கை போகவில்லை. ஏனென்றால் அந்த வீட்டுக்கு இன்னும் மூன்று குடும்பங்கள் போட்டி. ஞாயிற்றுக்கிழமை வீட்டைத் திறந்து வைத்து எல்லோருக்கும் காட்டப் போகிறார்கள். கிழவர் கேட்ட விலையைத் தருவதாக மார்லிஸ் முன்பே சொல்லியிருந்தாள். அதற்கு மேல் ஒரு காசு எங்களால் முடியாது. வேறு யாரும் கூடுதலாகத் தர முன்வராவிட்டால் வீடு எங்களுக்கு. முன்வந்தால் அவர்களுக்கு.

சனிக்கிழமை மார்லிஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரொம்பக் குழைவாகப் பேசினாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"டெல்பர்ட், நாளைக்கு எனக்கும் அக்காவுக்கும் சர்ச்சுல சாப்பாட்டு வேலை. நீ மட்டும் அந்த வீட்டுக்குப் போறியா?"

"நான் போய் என்ன செய்யறது?"

"நிலவறையில நில்லு. வர்றவங்ககிட்ட அந்த உலையைப் பத்தி நல்லாக் குறை சொல்லு. அன்னைக்கு என்கிட்ட சொன்னியே, அந்த மாதிரி. பயந்து ஓடிடுவாங்க. வீடு நமக்கு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிரி தன் வாளைக் கழற்றி என் கையிலேயே கொடுக்கிறாள்! குறை சொன்னால்தானே ஓடுவார்கள்? நான் புகழ்ந்தால்? போட்டி போட்டுக்கொண்டு விலையை ஏற்றுவார்கள். வீடு கைநழுவும். நான் வாயே திறக்காதவன் மாதிரி ஆற்றங்கரைக்குப் போய்விடுவேன்.

"உனக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?" என்றேன்.

"எனக்குத் தெரியும்," என்றாள் மார்லிஸ்.

ஞாயிற்றுக்கிழமை கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு போனேன். கிழவரை, அரிசோனாவிலிருந்து வந்திருந்த மகள் வெளியே சாப்பிடக் கூட்டிப்போயிருந்தாள். வீட்டுத் தரகர் பெவ் வாசலில் எலுமிச்சை ஜூஸ் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் நேராக நிலவறைக்கு இறங்கி உலையின் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நின்றேன்.

முதலில் ஓர் இளம் தம்பதி. அந்தப் பெண்ணுக்கு ஏழெட்டு மாதம் இருக்கும். துணி துவைக்கும் மெஷின் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள். உலையை அவர்கள் கவனிக்கக்கூட இல்லை.

"அதை விடுங்க, இதைப் பாருங்க! இந்த வீட்டோட உயிரே இதுதான்," என்றேன்.

பெண் நிமிர்ந்தாள். நிமிர்ந்துகொண்டே போனாள். "என்ன இது?"

"உலை! இந்த மாதிரி இப்ப யாரும் செய்யறதே இல்ல."

"ஏன் செய்யறதில்ல?"

நல்ல கேள்வி.

"செய்யத் தெரிஞ்சவங்க எல்லாரும் செத்துப் போயிட்டாங்க."

கணவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "எப்படிச் செத்தாங்க?"

"வயசாகித்தான்! உலையால இல்ல!" என்றேன் கொஞ்சம் சத்தமாக. "உலையால இதுவரைக்கும் யாரும் சாகல. நான் நல்லா விசாரிச்சுட்டேன்."

அவர்கள் முகத்தில் தெளிவு வரவில்லை. பேச்சைவிடச் செயல் மேல் என்று நினைத்து உலையைப் பற்ற வைத்தேன். ஆகஸ்ட் மாதம். வெளியே மேப்பிள் இலைகளே வாடிக் கிடந்த வெயில். உலை ஒரு கணம் யோசித்தது. பிறகு "பூம்" என்றது. மேலே யாரோ ஜூஸ் டம்ளரைக் கீழே போட்டார்கள்.

"கேட்டீங்களா? இந்த வயசுல எவ்வளவு உற்சாகம்!"

திரும்பிப் பார்த்தால் படிக்கட்டில் இரண்டு ஜோடிச் செருப்புக்கால்கள் மட்டும் தெரிந்தன. பெவ்விடம் விலை சொல்ல ஓடுகிறார்கள் என்று மகிழ்ந்தேன்.

அடுத்து ஒருவர் தனியாக வந்தார். கட்டுமஸ்தான ஆள், கையில் டார்ச்சு. அதற்குள் நிலவறையில் ரொட்டி சுடும் சூடு. என் கழுத்துப்பட்டை நனைந்து கயிறாகியிருந்தது.

"நீங்க வீட்டுக்காரரா?" என்றார்.

"இல்லீங்க."

"தரகரா?"

"இல்லீங்க. நானும் இந்த வீட்டை வாங்க வந்தவன்தான்."

"வாங்க வந்தவர் ஏன் உலையைக் கட்டிக்கிட்டு நிக்கறீங்க?"

"அருமையான உலைங்க. விட மனசு வரல. நீங்க கட்டாயம் இந்த வீட்டை வாங்கணும்."

"அவ்வளவு நல்லா இருந்தா நீங்க வாங்க வேண்டியதுதானே?"

"எனக்கு அந்தத் தகுதி இல்லீங்க. வீடு நல்ல கைக்குப் போகணும்."

"உங்க கைக்கு என்ன?"

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் டார்ச்சை என் முகத்தில் அடித்துப் பார்த்தார். பிறகு இரண்டிரண்டு படியாக ஏறிப் போனார்.

மூன்றாவது குடும்பம் நிலவறைக்கு வரவே இல்லை. மேலே சூடு தாங்காமல் யாரோ ஏசியைப் போட்டிருக்கிறார்கள். ஏசி ஏசிய ஏச்சைக் கேட்டு, அவர்கள் வாசலோடு திரும்பிவிட்டார்களாம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது, எல்லோரும் வேகமாகப் போனார்கள் என்பதுதான்.

வீட்டில் மார்லிஸ் காத்திருந்தாள்.

"குறை சொன்னியா?"

"சொன்னேன், சொன்னேன்."

"ஓடினாங்களா?"

"ஓடினாங்க."

இதில் பாதி பொய், பாதி உண்மை. எது எது என்பதில்தான் தவறு செய்தேன். அவள் அன்று எனக்காகப் பன்றிக்கறி வறுத்து, சோளம் அவித்து, வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆற்றங்கரை வீட்டுச் சமையலறைக்கு அவளுக்குப் பிடித்த மஞ்சளை நானே அடித்துக் கொடுப்பது என்று மனதுக்குள் நிச்சயித்தேன். இரண்டு கோட்டுப் பூச்சு.

மறுநாள் மத்தியானம் பெயின்ட் கடைக்குள் மார்லிஸ் நுழைந்தாள். பின்னால் வெர்னா. வெர்னா நேராக வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் என்னைக் கட்டிப்பிடித்தது அதுதான் முதல் தடவை. விலா எலும்பு நெரிந்தது.

"டெல்பர்ட்! உன்னை இத்தனை நாள் தப்பா நினைச்சிட்டேன். உனக்கும் உபயோகம் இருக்கு," என்றாள்.

"என்ன ஆச்சு?"

"வீடு நமக்கு," என்றாள் மார்லிஸ். "மூணு குடும்பமும் வேண்டாம்னுட்டாங்க. அந்தப் பொண்ணு காருல ஏறித்தான் மூச்சே விட்டாளாம். டார்ச்சு வெச்சிருந்தவர் பெவ்கிட்ட, கீழ ஒருத்தன் இருக்கான், போலீசைக் கூப்பிடுன்னாராம்."

என் கையில் இருந்த டப்பா சாய்ந்து முட்டை வெள்ளை முழுவதும் மேஜையில் ஓடியது.

"ஆனா நான்... நான் குறை சொல்லல, மார்லிஸ். புகழ்ந்தேன்! உயிரைக் கொடுத்துப் புகழ்ந்தேன்!"

"தெரியுமே. குறை சொல்லுன்னு சொன்னா நீ புகழுவேன்னுதானே சொன்னேன்."

"புகழ்ந்தா ஏன் ஓடணும்?"

"நீ குறை சொல்லியிருந்தா, விலையைக் குறைக்கப் பார்க்கறான்னு நினைச்சிருப்பாங்க. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் வேர்த்து விறுவிறுத்து நின்னுக்கிட்டு வாங்குங்க வாங்குங்கன்னா? டெல்பர்ட், நீ நல்லா இருக்குன்னு சொல்லி இந்தக் கடையில ஒரு டப்பா வித்திருக்கியா?"

கடை முதலாளி உள்ளே இருந்து, "இல்லம்மா," என்றார்.

கிழவருக்கு அவர் கேட்ட விலை முழுதாகக் கிடைத்தது. அதோடு, தன் உலையை இப்படிக் கொண்டாடிய ஒருவன் கைக்கு வீடு போகிறது என்று கேள்விப்பட்டுக் கண்கலங்கிவிட்டாராம். சாவி கொடுத்த அன்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அவனை நல்லாப் பார்த்துக்கப்பா," என்றார். நானும் கண்கலங்கினேன். எனக்குக் காரணம் வேறு.

அக்டோபரில் குடி போனோம். முதல் குளிர் வந்ததும் உலையைப் பற்ற வைத்தேன்.

கிழவர் சொன்னது பொய்யில்லை. அது யாரையும் கைவிடவில்லை. பிடித்த பிடியைத்தான் விடவில்லை. அதற்குத் தெரிந்தது இரண்டே நிலை. ஒன்று அணைந்திருப்பது, மற்றது எரிமலை. மேஜையில் மெழுகுவத்தி குனிந்து என்னை வணங்கியது. வெண்ணெய் எண்ணெய் ஆனது. "உனக்குக் குளிர் விட்டுப் போச்சு" என்று மார்லிஸ் என்னை அடிக்கடி திட்டுவாள். இப்போது நிஜமாகவே விட்டுப் போனது. வெளியே முழங்கால் அளவு பனி. நான் உள்ளே பனியனோடு உட்கார்ந்திருப்பேன். தாங்க முடியாதபோது எழுந்து போய் வாசலில் பனி வாருவேன். என்ன சுறுசுறுப்பு என்று தெருவே மெச்சியது.

இந்தச் சூட்டில் ஒரே ஒரு லாபத்தை எதிர்பார்த்தேன். வெர்னா வரமாட்டாள்.

வெர்னா வந்தாள். கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, அடுப்பைத் திறந்து பார்க்காமல், அப்படியே நடுக்கூடத்தில் நின்றாள். சூடான காற்று வரும் தரைச் சல்லடைக்கு மேலே ஏறி நின்றாள். பாவாடை கூடாரம் மாதிரி உப்பியது. முகத்தில் அப்படி ஒரு பரவசத்தை நான் பார்த்ததில்லை.

"மார்லிஸ், என் முட்டி வலி போயிடுச்சுடி!"

"உன் வீட்டுல சூடு பண்ற புது மெஷின் இருக்கே, வெர்னா?" என்றேன் அவசரமாக.

"அதுவா? காசை மிச்சம் பிடிக்கற மெஷின். யாரோ பக்கத்துல நின்னு மூச்சு விடற மாதிரி ஒரு காத்து வரும். இதுதான்யா சூடு!"

மறுநாள் பின்னல் ஊசியோடு வந்தாள். அதற்கு மறுநாள் தலையணையோடு. கிறிஸ்துமஸுக்குள் பின்னறை அவள் அறை. நான் ஒருநாள் நைசாக நிலவறைக்கு இறங்கி உலையை அணைத்தேன்.

"யாரு அணைச்சது?" மார்லிஸின் குரல் தகரக் குழாய் வழியாக வந்தது.

"கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம்னு..."

"இந்த வீட்டோட உயிரே அதுதான்னு ஊருக்கெல்லாம் சொன்னியே. உயிரை யாராவது அணைப்பாங்களா?"

பற்ற வைத்தேன். பூம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சாயங்காலங்களில் அக்காளும் தங்கையும் சீட்டு விளையாடுவார்கள். வெர்னா ஏமாற்றுவாள். மார்லிஸ் கண்டுபிடிப்பாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள். ராய் போன பிறகு வெர்னா அந்த வீட்டில் யாரோடு சிரித்திருப்பாள் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. இளகிப் போய்விட்டேன். உலைச் சூட்டில் யார்தான் இளகமாட்டார்கள்? உடனே வெர்னா, "டெல்பர்ட், அங்க நின்னு என்ன வேடிக்கை? போய் காபி போடு," என்றாள். மறுபடி இறுகிவிட்டேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். மார்ச்சில் பனி உருகியது. ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது வெர்னா தானாகவே, "நான் என் வீட்டுக்குக் கிளம்பறேன்," என்றாள். நான் கையில் இருந்த ரொட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் பெட்டிகளைத் தூக்கினேன். தலையணையைத் தலையில் வைத்துக்கொண்டேன். ஒரே நடையில் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டில் சேர்த்துவிட்டு, விசில் அடித்தபடி திரும்பினேன்.

"ரொம்பக் குஷியா இருக்கே," என்றாள் மார்லிஸ்.

"இனி கோடை வந்துடும். நம்ம ஏசிதான் ஓடாதே. உள்ள அடுப்பு மாதிரி இருக்கும். பாவம் வெர்னா, இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டா."

"அவ எதுக்கு வரணும்? நாமதான் அங்க போறோம்."

"எங்க?"

"அக்கா வீட்டுக்கு. அவ ஏசி புதுசு, பனிக்கட்டி மாதிரி இருக்கும். அதுக்காகத்தானே இந்த வீட்டைப் பார்த்தோம்? நம்மகிட்ட நல்ல உலை, அவகிட்ட நல்ல ஏசி. குளிருக்கு அவ இங்க, வெயிலுக்கு நாம அங்க. புது மெஷின் வாங்கற செலவே இல்ல. போன வருஷமே நானும் அக்காவும் பேசி முடிச்சதுதான்."

நான் உட்கார்ந்தேன். நாற்காலி இருந்ததால் நாற்காலியில் உட்கார்ந்தேன். வருடத்தில் ஏதாவது ஒரு மூலை மிச்சம் இருக்கிறதா என்று மனதுக்குள் தேடினேன். இருந்தது.

"அப்ப ஏப்ரல்?" என்றேன். "ஏப்ரல்ல உலையும் வேண்டாம், ஏசியும் வேண்டாம். அவ அங்க, நாம இங்க. சரிதானே?"

"ஏப்ரல்ல உனக்கு வேலை இருக்கு," என்றாள் மார்லிஸ். "ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கற வேலியைப் பிடுங்கணும்."